சகி மையத்தில் எனக்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

வீட்டில் அடி, கொடுமை என்று இருக்கிற பெண்களுக்கு உதவும் சகி மையத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று என் கடைக்கு வருகிற பெண்கள் கேட்கிறார்கள். நான் இ-சேவை மையம் நடத்துகிறேன். வருமானச் சான்று, வாரிசுச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் நீக்கம் என்று வீட்டுக்குள் நடப்பதெல்லாம் ஏதோ ஒரு விண்ணப்பமாக என் மேசைக்கு வந்துவிடும். கூட்டம் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்து வந்து, பிரிண்ட் எடுக்கிற சாக்கில் மெதுவாகக் கேட்பார்கள். பயம் இரண்டு விதம். "சமாதானம் பேசி அந்த ஆளோடயே திருப்பி அனுப்பிடுவாங்களாமே" என்பது ஒன்று. "அங்க கால வச்சாலே டைவர்ஸ்லதான் கொண்டு போய் விடுவாங்களாமே" என்பது இன்னொன்று. அங்கே போய், தங்கி, அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் ஆலோசனைக்குப் போய்வந்தவள் நான். எனக்கு இரண்டுமே நடக்கவில்லை. நடந்ததையும், சரியில்லாததையும் விவரமாக எழுதுகிறேன். எந்த மாவட்டம் என்றும் அங்கே வேலை செய்கிறவர்கள் யார் யார் என்றும் எழுதப்போவதில்லை. அது என் பாதுகாப்புக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. இதன் முழுப்பெயர் ஒருங்கிணைந்த சேவை மையம். பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து 2015 ஏப்ரலில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். நம் மாநிலத்தில் சமூக நலத்துறை நடத்துகிறது. மருத்துவ உதவி, போலீஸ் உதவி, வக்கீல், மனநல ஆலோசனை, சில நாள் தங்க இடம், எல்லாம் ஒரே கூரையின் கீழ். 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது. எங்கள் ஊரில் அரசு மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. நேராகவும் போகலாம், 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு அடித்தும் போகலாம். நான் 181க்குத்தான் அடித்தேன், பக்கத்து ஜெராக்ஸ் கடை அக்காவின் போனிலிருந்து.

அதற்கு முன்பு ஒரு மகளிர் காவல் நிலையத்துக்குப் போயிருந்தேன். 1992லேயே சென்னை ஆயிரம் விளக்கில் மகளிர் காவல் நிலையம் திறந்த மாநிலம் நம்முடையது. அங்கே போய் நல்லது நடந்த பெண்களையும் எனக்குத் தெரியும். எனக்கு அப்படி அமையவில்லை. என்னையும் என் கணவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, "இனி தகராறு செய்ய மாட்டேன்" என்று அவரிடம் எழுதி வாங்கி, "குழந்தை முகத்தப் பாத்து அனுசரிச்சுப் போம்மா" என்று என்னிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் உள்ளே சொன்னது முழுவதும் அவர் காதில் விழுந்தது. அன்றைக்கு ராத்திரிதான் என் மணிக்கட்டு வீங்கியது.

சகி மையத்தில் உட்கார்ந்ததுமே வித்தியாசத்தைப் பார்த்தேன். என்னை அழைத்து உட்காரவைத்த வழக்குப் பணியாளருக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். "என்ன நடந்துச்சு" என்று அவர் ஆரம்பிக்கவில்லை. "அக்கா, பாப்பா இப்ப எங்க இருக்கா? ஸ்கூல் விட்டா யார் கூப்பிடப் போவாங்க?" என்றுதான் கேட்டார். மகள் அப்போது ஏழாம் வகுப்பு. அவளை என் சித்தி போய் அழைத்துவர ஏற்பாடு செய்த பிறகு அடுத்த கேள்வி: "உங்க போன் யார் வாங்கிக் கொடுத்தது? அதுல இருக்கிற மெயில் ஐ.டி. யாரோடது?" மூன்றாவதாகத்தான் கையைப் பார்த்தார். கதை கேட்டது அதற்கெல்லாம் பிறகு. இந்த வரிசை எவ்வளவு முக்கியம் என்பது அந்த நிலையில் இருந்தவர்களுக்குப் புரியும்.

பக்கத்துக் கட்டிடத்துக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். எக்ஸ்ரே, கட்டு, கடைசியில் ஏ.ஆர். காப்பி. இந்த ஏ.ஆர். காப்பியை விடாதீர்கள். யார் அடித்தது, எதனால் அடித்தது, என்றைக்கு என்று டாக்டர் எழுதுகிற பதிவு அது. "வழுக்கி விழுந்தேன்" என்று எழுதினால் பிறகு மாற்றுவது கஷ்டம். கூட வந்த மாமியாரோ நாத்தனாரோ நமக்காகப் பதில் சொல்ல முந்துவார்கள். அவர்களை வெளியே இருக்கச் சொல்லச் சொல்லி டாக்டரிடமே கேட்கலாம்.

அடுத்து, குடும்ப வன்முறைப் புகார்களுக்கென்று அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர் வந்து டி.ஐ.ஆர். எழுதினார். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் வருகிற நிகழ்வு அறிக்கை. நான் நாள் முழுக்க விண்ணப்பம் நிரப்புகிறவள், ஆனால் இப்படி ஒரு படிவத்தைப் பார்த்ததில்லை. உடல், பாலியல், சொல்லாலும் மனதாலும் செய்வது, பொருளாதாரம், வரதட்சணை என்று தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு பட்டியல். அவர் ஒவ்வொரு வரியாக வாசித்து, ஆமா இல்லையா என்று கேட்டு டிக் போட்டார். நடத்தையைப் பற்றித் தப்பாகப் பேசுவது. ஆண் குழந்தை இல்லை என்று குத்திக் காட்டுவது. வெளியே போகவிடாமல் தடுப்பது. சொல்லாமல் நகையை அடகு வைப்பது. வருமானத்தைப் பிடுங்கிக்கொள்வது. கரண்ட் பில் கட்டாமல் விடுவது வரைக்கும் அதில் இருந்தது.

பொருளாதாரம் என்ற பகுதிக்கு வந்தபோது நான் கடையைப் பற்றிச் சொன்னேன். என் கவுண்டரில் ஒட்டியிருந்த க்யூ.ஆர். என் கணவருடைய வங்கிக் கணக்குக்கு இணைத்தது. நான் வேலை செய்வேன், ஸ்பீக்கர் ஐம்பது ரூபாய் வந்தது, நூறு ரூபாய் வந்தது என்று சொல்லும், பணம் அவருக்குப் போகும். மகளுக்கு நோட்டு வாங்க நான் கணக்கு சொல்லிக் கேட்கவேண்டும். அதை வன்முறை என்று அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அலுவலர் சிரிக்கவில்லை. "எத்தனை வருஷமா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். கட்டுப் போட்ட கையைக் காட்டியபோது வராத அழுகை அப்போது வந்தது.

அடிபட்டால்தான் இங்கே வர முடியும் என்று நினைத்துக் காத்திருக்கிற பெண்களுக்காக இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாட்டின் சராசரி 29. என் கடைக்கு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த எண் ஆச்சரியமாக இல்லை.

என் கணவரைக் கூப்பிட்டுப் பேசட்டுமா என்று மையத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் இருந்த நேரத்திலேயே இன்னொரு பெண் தன் கணவரோடு பேசவேண்டும் என்று விரும்பினார். அவருக்கு அதையும் செய்துகொடுத்தார்கள், இரண்டு பேரையும் வேறு வேறு நேரத்துக்கு வரச்சொல்லி. ஆரம்பத்தில் சொன்ன இரண்டு பயத்துக்கும் என் பதில் இதுதான். அங்கே முடிவு எடுப்பது நாம்.

வக்கீல் விஷயம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலிருந்து இலவசமாக வந்தார். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு இந்த உதவிக்கு வருமான வரம்பே கிடையாது, வருமானச் சான்று கேட்டு யாராவது அலையவிட்டால் இதைச் சொல்லுங்கள். அவர் எளிமையாக விளக்கினார். அடிக்கவோ கடைக்கு வந்து மிரட்டவோ கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு. வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று வசிப்பிட உத்தரவு. செலவுக்குப் பணம். குழந்தை யாரிடம் இருப்பது. எல்லாம் ஒரே மனுவில் கேட்கலாம், வழக்கு முடிவதற்கு முன்பே இடைக்கால உத்தரவும் வாங்கலாம். அதைக் கணவர் மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "வீடு மாமியார் பேர்ல இருக்கு, எனக்கு என்ன உரிமை" என்று கேட்டேன். யார் பெயரில் இருந்தாலும் குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் வசிப்பிட உரிமை கேட்கலாம், 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்றார். நான் அந்த வீட்டுக்குத் திரும்பப் போகவில்லை. ஆனாலும் தெரிந்துகொண்டது பேசும்போது முதுகை நிமிர்த்தியது.

60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. வாய்தா மேல் வாய்தா போகும் என்பதையும் அந்த வக்கீலே முதல் நாளே சொல்லிவிட்டார். பொய் நம்பிக்கை கொடுக்காததற்கு அவருக்கு நன்றி.

இப்போது நான் அதிகம் எழுத விரும்புவது ஆலோசனையைப் பற்றி. தங்குவதும் வழக்கும் பற்றிப் பேச ஆள் இருக்கிறது, இதைப் பற்றிப் பேச ஆள் குறைவு.

சித்தி வீட்டுப் பக்கத்தில் ஒரு அறை எடுத்து மகளோடு குடிபோன பிறகுதான் எனக்கு உடம்பு மோசமானது. வாசலில் பைக் நின்று எஞ்சின் அணையும் சத்தம் கேட்டால் போதும், கையில் இருப்பது கீழே விழுந்துவிடும். எதிர்வீட்டுப் பையன் பைக்காகத்தான் இருக்கும். தெரிந்தும் உடம்பு கேட்காது. எல்லாம் முடிந்துவிட்டதே, இப்போது ஏன் இப்படி என்று எனக்கே பயம். மூத்த ஆலோசகரிடம் சொன்னேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு, யாரைப் பார்த்தாலும் "வாம்மா" என்பார். "வீடு மாறினது உன் புத்திக்குத் தெரியும்மா. உடம்புக்கு இன்னும் யாரும் சொல்லலை. அது வருஷக்கணக்கா அந்தச் சத்தத்துக்குத் தயாரா இருந்து பழகிருக்கு" என்றார்.

பிறகு ஒரு சில்வர் டம்ளரில் ஃபில்டர் தண்ணீர் பிடித்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கால் இரண்டும் தரையில். டம்ளர் சூடா குளிரா, விளிம்பு வழவழப்பா சொரசொரப்பா, அறையில் நீல நிறத்தில் என்னென்ன இருக்கிறது என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். காலண்டர், வாளி, அவர் புடவைக் கரை. சொல்லச் சொல்ல மூச்சு இறங்கியது. மந்திரம் ஒன்றும் இல்லை. அடுத்த முறை பைக் சத்தம் கேட்டபோதும் நெஞ்சு அடித்தது. ஆனால் செய்வதற்கு ஒன்று கையில் இருந்தது. மாதங்கள் போகப் போக, அடிப்பது சீக்கிரம் அடங்க ஆரம்பித்தது.

இன்னொன்று, வெட்கப்பட்டுக்கொண்டே அவரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எனக்குக் கணவர் ஞாபகம் வந்தது. அன்றைக்குக் கறி எடுத்துவந்து அவரே மசாலா அரைத்துச் சமைப்பார், மகளுக்கு நல்லி எலும்பு எடுத்து வைப்பார். அம்மாவிடம் சொன்னால் "அப்ப திரும்பிப் போயிடேன்டி" என்பாள், தோழியிடம் சொன்னால் "உனக்கு அறிவே இல்லையா" என்பாள். ஆலோசகர் இரண்டும் சொல்லவில்லை. "நல்லா சமைச்சதும் நெஜம்தான், கைய முறுக்கினதும் நெஜம்தான். ஒண்ணு இன்னொண்ண அழிக்காதும்மா. நீ அழுகிறது அந்த ஞாயித்துக்கிழமைக்காக. அழு" என்றார். அவரை மன்னித்துவிடு என்றோ மறந்துவிடு என்றோ ஒரு நாளும் சொன்னதில்லை.

மகளையும் பார்த்தார். அவள் ராத்திரி எழுந்து எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பாள். பார்க்காதே என்று அதட்டாதீர்கள் என்றார். படுப்பதற்கு முன் அம்மாவும் மகளுமாகச் சேர்ந்து ஒரு முறை தாழ் போட்டு, "பூட்டியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் படுக்கச் சொன்னார். பாதி ராத்திரியில் அவள் எழுந்தால் நான் "பூட்டியாச்சு பாப்பா" என்று மட்டும் சொல்லவேண்டும். அதுவும் மெல்ல மெல்லக் குறைந்தது.

தூக்கமே இல்லாத காலம் ஒன்று வந்தபோது அதே வளாகத்தில் மனநலப் பிரிவுக்கு எழுதிக்கொடுத்தார். எனக்குத் தயக்கம். கணவர் அந்தச் சீட்டைக் கோர்ட்டில் காட்டி பைத்தியம் என்று சொல்லி மகளைப் பிடுங்கிவிடுவாரோ என்று. வக்கீலிடம் கேட்டேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்கவேண்டும் என்பது நோயாளியின் உரிமை, வைத்தியம் பார்த்துக்கொள்வதால் ஒருத்தி கெட்ட தாய் ஆகிவிட மாட்டாள் என்றார். மாத்திரை கொஞ்ச காலம் சாப்பிட்டேன், டாக்டர் சொன்னபடி படிப்படியாக நிறுத்தினேன்.

ஒவ்வொரு முறை போய்வருவதற்கும் காசு கேட்க வேண்டியிருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். டவுன் பஸ்ஸில் மகளிருக்கு இலவசப் பயணம். கையில் ஒரு ரூபாய் இல்லாமல் வெளியேறியவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று, டிக்கெட் எடுக்கக் காசு இருப்பவர்கள் வாதம் பண்ணும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இனி குறைகள். பெரிய குறை, தங்குவதற்கு இருக்கும் கெடு. திட்ட விதிப்படி ஐந்து நாள்தான். ஐந்து நாளில் எந்தப் பெண்ணுக்கு வீடும் அட்வான்சும் பள்ளி மாற்றுச் சான்றிதழும் அமையும்? அதற்கு மேல் என்றால் வேறு காப்பகத்துக்கு அனுப்புவார்கள், எனக்குச் சொன்ன காப்பகம் அடுத்த மாவட்டத்தில் இருந்தது. மகளின் பள்ளிக்கூடம் போய்விடும் என்பதால் நான் போகவில்லை. சித்தி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? ஆண் பிள்ளைகளுக்கு வயது வரம்பும் உண்டு. மகன் இருப்பவர்கள் கிளம்புவதற்கு முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஆட்கள் நிலைப்பதில்லை. எல்லாம் தற்காலிக வேலை, தொகுப்பூதியம். என் வழக்குப் பணியாளர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். புதிதாக வந்தவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார். அந்தக் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்வது என்றால் மறுபடி அந்த வீட்டுக்குள் போய்வருவது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த வேலைக்கு நிரந்தரப் பணியிடமும் நியாயமான சம்பளமும் கொடுக்காமல் விட்டால் இப்படித்தான் நடக்கும். அரசு செலவு பண்ணவேண்டிய இடம் இது.

ராத்திரியில் காவலாளியும் ஒரு பணியாளரும் இருக்கிறார்கள், ஆலோசகர் இல்லை. மனசு கனக்கிற நேரம் ராத்திரிதான். அந்த மாதிரி நேரத்தில் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அடித்திருக்கிறேன், தமிழில் பேசுகிறார்கள், அவசரப்படுத்துவதில்லை. தங்கும் அறை சுத்தம், சாப்பாடு பரவாயில்லை, கொசு அதிகம்.

கடைசியாக என் தொழில் சம்பந்தமான விஷயம். கிளம்பலாம் என்று யோசிக்கிறவர்கள் கவனமாகப் படியுங்கள். போகப்போகிறேன் என்று தெரிந்தபிறகுதான் கணவன்மார்கள் மூர்க்கமாவார்கள், அதனால் எந்தத் தடயமும் வேண்டாம். போனில் லொகேஷன் பகிர்வை முன்கூட்டியே நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் அவருக்குத் தெரிந்துவிடும். உதவி எண்ணுக்கு வேறொருவர் போனில் பேசுங்கள். வெளியே வந்து பத்திரமான இடத்துக்குப் போனபிறகு புதிய மெயில், புதிய பாஸ்வேர்டு, வாட்ஸாப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களைப் பார்த்து எல்லாவற்றையும் வெளியேற்றுவது. அவர் வாங்கிக் கொடுத்த போன் என்றால் அதையே விட்டுவிடுவது நல்லது.

ஆதாரில் யார் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். அவருடையது என்றால் ஓ.டி.பி. எல்லாம் அவருக்குத்தான் போகும். ஆதார் சேர்க்கை மையத்தில் கைரேகை வைத்தால் நம்பரை மாற்றலாம், வேறு ஆவணம் தேவையில்லை. மகளிர் உரிமைத் தொகை வரும் வங்கிக் கணக்கிலும் நம்பரை மாற்றுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, குழந்தையின் பிறப்புச் சான்று, பாஸ்புக், நகை ரசீது, இவற்றை ஒருநாள் ஏதாவது சாக்கில் நகல் எடுத்து நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். என் கடைக்கு வந்தால் நான் ஏன் எதற்கு என்று கேட்க மாட்டேன்.

மையத்தின் வாசலில் பெரிய போர்டு வைத்திருக்கிறார்கள். யார் உள்ளே நுழைந்தாலும் வெளிநோயாளிகள் வரிசையில் நிற்கிற ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மகப்பேறு பிரிவுப் பக்கமாக ஒரு வழி இருக்கிறது என்று பணியாளரே சொன்னார், பிறகு நான் அந்த வழியாகத்தான் போனேன். உங்கள் ஊரிலும் முதலில் போன் செய்து, கண்ணில் படாமல் வர வழி உண்டா என்று கேளுங்கள். மருத்துவமனை கேட்டில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் டாக்டரைப் பார்க்க என்று சொன்னால் போதும்.